ரயிலேறிப் போகும் ஆகாய விமானம்



ஆகாய விமானம் எதிலே போகும் என்று ஒரு சிறு பிள்ளையைக் கேட்டால், "இதென்ன கேள்வி, அதுதானே நம்மை ஏற்றிக்கொண்டு போகிறது!" என்று சிரிக்கும். ஆனால் உலகில் மிக அதிகமாகப் பறக்கும் விமான ரகங்களில் ஒன்று, தன் முதல் பிரயாணத்தை ரயிலில்தான் செய்கிறது. இறக்கையும் வாலும் சக்கரமும் இல்லாமல், தட்டையான ரயில் வண்டியின் மேல் படுத்தபடி, ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் தூரம் போகிறது. நம் நாட்டுக் கணக்கில் சொன்னால், ஜொகூர் பாருவிலிருந்து பாடாங் பெசார் வரை மூன்று முறைக்கு மேல் போகிற தூரம் அது.

இது ஏதோ அமெரிக்காக்காரன் கதை, நமக்கு என்ன என்று வானொலியை மூடிவிடாதீர்கள். நம் சிலாங்கூர் மாநிலத்திலே, சுபாங்கில் செய்த ஒரு கதவு இந்த ரயிலில் ஏறிப் போய், பின்பு ஒரு நாள் உலகச் செய்தியாகிவிட்டது. அந்தக் கதைக்கு வருவதற்கு முன், விமானம் ஏன் ரயிலேறுகிறது, எப்படி ஏறுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

போயிங் 737 என்னும் விமானம் 1967-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதன்முதலாகப் பறந்தது. அதன் புதிய ரகங்கள் இன்றும் தயாராகின்றன. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கோ கோத்தா கினபாலுவுக்கோ நீங்கள் விமானத்தில் போயிருந்தால், அது இந்த ரகமாகவே இருந்திருக்கலாம். இதன் உடல் முழுவதும், அதாவது மூக்கிலிருந்து பின்பகுதி வரை உள்ள நீண்ட குழாய் போன்ற பாகம், அமெரிக்காவின் நடுவே கான்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்னும் நகரில் செய்யப்படுகிறது. ஆனால் இறக்கை, வால், இயந்திரம் எல்லாவற்றையும் சேர்த்து முழு விமானமாக்கும் ஆலையோ வடமேற்குக் கோடியில், வாஷிங்டன் மாநிலத்தின் ரென்டன் நகரில் இருக்கிறது. இரண்டும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெரிய குண்டுவீச்சு விமானங்களைச் செய்து பழகிய ஊர்கள். வேலை தெரிந்த கைகள் இரண்டு இடத்திலும் இருந்தன. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். உடலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு ரயிலுக்கு வந்தது.

சரி, ரயில்தான் வேண்டுமா? லாரியில் போகக் கூடாதா? அந்த உடலின் அகலம் 3.76 மீட்டர், அதாவது பன்னிரண்டு அடிக்கு மேல். நீளமோ, ரகத்துக்கு ஏற்றபடி, நூறு அடிக்கும் மேலே. தோட்டத்துச் சாலை வளைவில் நீண்ட மரங்களை ஏற்றிய லாரி திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முன் சக்கரம் வளைவைத் தாண்டிவிடும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரமோ எதிர்ப்பக்கத்து வேலியைத் தட்டும். ஒரு லாரிக்கே இப்படியென்றால், நூறு அடிக்கு மேல் நீண்ட உடலை நாள்தோறும் சாலையில் கொண்டுபோக முடியுமா? கப்பலில் அனுப்பலாம் என்றால், விச்சிட்டா நகரத்துக்குக் கடல் கிடையாது. விமானத்தை விமானத்திலேயே ஏற்றலாம் என்றால், அதற்கும் வழி உண்டு. ஐரோப்பாவின் ஏர்பஸ் நிறுவனம் தன் விமானங்களின் இறக்கைகளையும் உடல் துண்டுகளையும் ஏற்றிப் போக, திமிங்கலம் போல் தலை பருத்த ‘பெலுகா’ என்ற சரக்கு விமானங்களையே தனியாகச் செய்துகொண்டது. போயிங்கும் 787 என்ற விமானத்தின் பாகங்களுக்காகப் பழைய 747 விமானங்கள் சிலவற்றின் முதுகைப் பெருக்கி மாற்றிக்கொண்டது. ஆனால் இதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது. அவசரமில்லாத, அடிக்கடி அனுப்ப வேண்டிய பெரிய சாமானுக்கு ரயிலே மலிவு.

ரயில் ஏன் மலிவு என்பதை நம் மக்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. செம்பனை எண்ணெய் ஆலைகள் பலவற்றில், குலைகளை நிரப்பிய இரும்புக் கூண்டு வண்டிகளைத் தண்டவாளத்தின் மேல் வைத்து, அவிக்கும் உருளைக்குள் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பாரத்தை மண் தரையில் அசைக்க முடியுமா? இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது இரண்டும் அமுங்குவதில்லை; உராய்வு மிகக் குறைவு. ரப்பர் சக்கரமோ ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் அமுங்கி நிமிர்கிறது. அதில் சக்தி வீணாகிறது. ஆகவே, அதே பாரத்தை இழுக்க ரயிலுக்கு லாரியைவிடப் பல மடங்கு குறைந்த சக்தி போதும். 1917-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது நம் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அன்றுமுதல் இன்றுவரை எண்ணெய்த் தொழிலுக்குத் தண்டவாளம் துணை நிற்கும் காரணமும், விமான உடலுக்கு அது துணை நிற்கும் காரணமும் ஒன்றே.

இனி, ஏற்றும் முறையைப் பார்ப்போம். இதற்குப் பயன்படும் வண்டிகள் கூரையும் பக்கச் சுவரும் இல்லாத தட்டை வண்டிகள். ஒவ்வொன்றும் 89 அடி நீளம். விமான உடல் அதைவிட நீளம். அப்படியானால் வால் பக்கம் வண்டியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் அல்லவா? அடுத்த வண்டியிலும் சரக்கு இருந்தால் வளைவில் இரண்டும் இடித்துக்கொள்ளும். ஆகவே இடையிலே ஒரு வெற்று வண்டியைக் கோத்துவிடுகிறார்கள். அதன் மேல் சரக்கு எதுவும் இராது. நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு இடம் விடுவது ஒன்றே அதன் வேலை. ரயிலில் பச்சை நிற உடல் ஒன்று, வெற்று வண்டி ஒன்று, மறுபடி உடல் ஒன்று என்று மாறி மாறி வருவதற்கு இதுவே காரணம்.

வால் பகுதி அடுத்த வண்டியின் மேல் நீட்டி நிற்கலாமே தவிர, அதன் மேல் சாய்ந்து நிற்கக் கூடாது. ஏனென்றால் தண்டவாளம் வளையும்போது இரண்டு வண்டிகளும் இரண்டு திசையில் திரும்பும். ஒரே உடலை இரண்டிலும் இறுக்கிக் கட்டினால், துணியைப் பிழிவதுபோல் அது முறுக்கப்படும். அதனால் முழுப் பாரமும் ஒரே வண்டியின் தாங்கிகளின் மேல்தான் இருக்கும்.

பச்சை நிறம் என்று சொன்னேன். அது விமானத்துக்குப் பூசும் கடைசி வர்ணம் அன்று. அலுமினியத் தகட்டில் கீறலும் அரிப்பும் விழாமல் காக்கும் தற்காலிகப் பூச்சு. பிறகு அதைக் கழுவி எடுத்துவிட்டு, விமானக் கம்பெனியின் வர்ணத்தைப் பூசுவார்கள். விமானத்தின் தோல் மிக மெல்லியது. சில இடங்களில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம்தான். ஆகவே கதவு, சன்னல் துவாரங்களை மூடி, மூக்குப் பகுதிக்குத் தனிக் காப்புக் கவசம் போட்டு அனுப்புகிறார்கள். மழைக்கும் தூசிக்கும் மட்டும் இந்தப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். ஆளில்லாத காட்டு வெளியில் போகும்போது யாரோ விளையாட்டுக்குச் சுட்ட துப்பாக்கிக் குண்டு துளைத்த உடல்களும் ஆலைக்கு வந்து சேர்ந்ததுண்டு!

எந்தப் பாதையில் போவது என்பதும் பெரிய கணக்கு. ரயில் பாதையில் சுரங்கம், பாலம், நடைமேடை, சைகைக் கம்பம் எல்லாம் இருக்கின்றன. வண்டியும் சரக்கும் இவ்வளவு உயரம், இவ்வளவு அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்று ஒவ்வொரு ரயில்வேக்கும் ஓர் அளவுக் கட்டம் உண்டு. அமெரிக்காவின் சாதாரணச் சரக்கு வண்டி பதினோரு அடி அகலத்துக்குள் அடங்கிவிடும். விமான உடலோ பன்னிரண்டு அடிக்கு மேல். ஆகவே இடம் தாராளமாக உள்ள பாதையை முன்கூட்டியே அளந்து தேர்ந்தெடுத்து, அதிலேதான் அனுப்புகிறார்கள்.

நம் நாட்டு ரயிலில் இப்படி ஒரு விமான உடல் போக முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. நம்முடையது மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர். அமெரிக்காவில் 1,435 மில்லிமீட்டர். இந்தியாவின் அகலப் பாதையில் 1,676 மில்லிமீட்டர். தண்டவாளம் குறுகலாக இருந்தால் அதன் மேல் போகும் வண்டியும் ஒடுக்கமாக இருக்க வேண்டும். நம் வண்டிகள் மூன்று மீட்டர் அகலத்துக்கும் குறைவு. 3.76 மீட்டர் உடல் இங்கே நடைமேடையை உரசிவிடும். நம் முன்னோர்களின் வியர்வையில் உருவான பாதை இது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை சிலாங்கூரின் முதல் ரயில் ஓடியது 1886-ஆம் ஆண்டில். ஈயமும் பின்பு ரப்பரும் துறைமுகம் போவதற்காகப் போட்ட பாதையில், அந்தக் காலத்துக்கு மீட்டர் கேஜே போதுமானதாக இருந்தது.

ரயில் மலிவு என்றேன்; ஆபத்தே இல்லாதது என்று சொல்லவில்லை. 2014-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள், இப்படிப்பட்ட ரயில் ஒன்று மொன்டானா மாநிலத்து மலைப் பகுதியில் தடம் புரண்டது. 19 வண்டிகள் பாதையை விட்டு விலகின. அந்த ரயிலில் ஆறு 737 உடல்கள் இருந்தன. அவற்றில் மூன்று, கரையில் உருண்டு கிளார்க் ஃபோர்க் என்னும் ஆற்றின் ஓரத்தில் போய் விழுந்தன. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. ஆனால் போயிங் நிறுவனம் ஆற்றில் விழுந்த மூன்றை மட்டுமல்ல, ஆறு உடல்களையுமே கழித்துவிட்டது; ஒன்றைக்கூட விமானமாக்கவில்லை. பார்வைக்கு நன்றாக இருப்பது போதாது. ஆகாயத்தில் உயரே போகும்போது, உள்ளே இருக்கும் காற்று விமானத்தின் உடலை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு பிரயாணத்திலும் பலூன்போல் உப்பி, மறுபடி சுருங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்தால், அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும். அந்தச் சந்தேகத்தோடு மனிதர்களை ஏற்றக் கூடாது.

இனி சுபாங் கதவின் கதைக்கு வருவோம்.

விச்சிட்டாவில் உடலைச் செய்துவந்த ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற நிறுவனம், 2009-ஆம் ஆண்டில் சுபாங்கிலும் ஓர் ஆலையைத் திறந்தது. விமானத்தின் பாகங்கள் பல அங்கே தயாராயின. அவற்றில் ஒன்று ‘கதவு அடைப்பு’. 737-9 என்ற ரகத்தின் உடலில், பின்பக்கத்தில் அவசரக் கதவுக்காக ஒரு துவாரம் விடப்படுகிறது. அதிகப் பிரயாணிகளை ஏற்றும் கம்பெனிகள் அங்கே கதவு வைத்துக்கொள்ளும். குறைவாக ஏற்றும் கம்பெனிகளுக்குக் கதவு தேவையில்லை. அந்தத் துவாரத்தை ஒரு தட்டையான அடைப்பால் மூடிவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது சாதாரணச் சுவரும் சன்னலுமாகவே தெரியும்.

அமெரிக்க அரசாங்கத்தின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பிறகு வெளியிட்ட அறிக்கையிலிருந்து, ஓர் அடைப்பின் பிரயாணத்தை நாள் தவறாமல் சொல்ல முடிகிறது. 2023-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் அது மலேசியாவில் தயாரானது. மே 10-ஆம் நாள் விச்சிட்டா போய்ச் சேர்ந்தது. அங்கே விமான உடலில் பொருத்தப்பட்டது. ஆகஸ்ட் 20-ஆம் நாள் அந்த உடல் விச்சிட்டாவிலிருந்து அனுப்பப்பட்டது. ஆகஸ்ட் 31-ஆம் நாள் ரென்டன் வந்து சேர்ந்தது. பதினோரு நாள் பிரயாணம்.

வந்து சேர்ந்த மறுநாளே, அடைப்புக்குப் பக்கத்தில் ஐந்து ரிவெட்டு ஆணிகள் சரியில்லை என்று கண்டுபிடித்து எழுதினார்கள். அதைச் சரிசெய்ய, அடைப்பைத் திறக்க வேண்டியிருந்தது. அடைப்பு மேலே நகராமல் பிடித்து வைப்பவை நான்கு போல்ட்டுகள். அவற்றைக் கழற்றினார்கள், அடைப்பைத் திறந்தார்கள், ஆணிகளைச் சரிசெய்தார்கள், அடைப்பை மூடினார்கள். நான்கு போல்ட்டுகளை மட்டும் திரும்பப் போடவில்லை. அடைப்பைத் திறந்த வேலையை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதவில்லை. எழுதாத வேலையைச் சரிபார்க்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? உட்சுவரை மூடினார்கள். விமானம் வர்ணம் பூசிக்கொண்டு, அக்டோபர் 31-ஆம் நாள் அலாஸ்கா ஏர்லைன்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டது.

2024-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் மாலை. 171 பிரயாணிகளும் ஆறு சிப்பந்திகளும் ஏறிய அந்த விமானம் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரிலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில், அடைப்பு மேல்நோக்கி நழுவி, பிடிகளை விட்டு விலகி, வெளியே பிய்த்துக்கொண்டு பறந்தது. விமானத்தின் பக்கத்தில் ஒரு கதவளவு ஓட்டை! அதை ஒட்டிய இரண்டு இருக்கைகளில் அன்று யாரும் இல்லை. விமானி விமானத்தைத் திருப்பிப் பத்திரமாக இறக்கினார். சிலருக்குச் சிறு காயம். உயிர்ச் சேதம் இல்லை. சுபாங்கில் செய்த அந்த அடைப்பு, போர்ட்லண்டில் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் கிடந்து அகப்பட்டது.

ஆராய்ந்து பார்த்தார்கள். நான்கு போல்ட்டுகளும் இல்லாமலே விமானம் பறந்திருக்கிறது என்பது தெரிந்தது. கோளாறு அடைப்பைச் செய்த கைகளில் இல்லை. ரயில் பிரயாணத்திலும் இல்லை. கழற்றியதைத் திரும்பப் பூட்டாததிலும், செய்த வேலையை எழுதி வைக்காததிலும்தான் இருந்தது. பாதுகாப்பு வாரியம் 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தன் முடிவைச் சொன்னபோது, கவனக்குறைவான ஒரு தொழிலாளியின் தலையில் பழியைப் போடவில்லை. தொழிலாளர்களுக்குப் போதிய பயிற்சியும் வழிகாட்டலும் மேற்பார்வையும் கொடுக்கத் தவறியது போயிங் நிறுவனமே என்று கூறியது. அதே ஆண்டு டிசம்பரில், விச்சிட்டா ஆலையைப் போயிங் தன் கைக்கே திரும்ப வாங்கிக்கொண்டது.

நேயர்களே, கூலி வேலை செய்து பழகிய நமக்கு இந்தத் தீர்ப்பின் அருமை புரியும். ஏதாவது கெட்டுப்போனால் கடைசியில் இருப்பவன் மேல் பழி விழுவதுதான் வழக்கம். இங்கே, வேலையைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக் கொடுத்தார்களா, பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்களா என்று முதலில் கேட்டிருக்கிறார்கள். அதே சமயம், தொழிலாளிக்குத் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கருவி உண்டு. அதுதான் பதிவேடு. பெரட்டில் பெயர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் விழாது என்பது நம் பாட்டிமாருக்கும் தெரிந்த சங்கதி. விமானத் தொழிலில் அதைவிடக் கண்டிப்பு. எந்த ஆணியை யார் அடித்தார், எந்தப் போல்ட்டை யார் பூட்டினார், யார் சரிபார்த்தார் என்று கையெழுத்து இருக்க வேண்டும். எழுதி வைத்தவனுக்கு அது பிறகு சாட்சியாக நிற்கும்.

இதை நம் பெற்றோர்களுக்குக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. விமானத் தொழில் என்றால் விமானி ஆவது ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு ஆகும் பணத்தைக் கேட்டதும் பேச்சை விட்டுவிடுகிறார்கள். ஆனால் சுபாங்கிலும், மலாக்காவின் பத்து பெரண்டாமிலும் விமானப் பாகங்கள் செய்யும் ஆலைகள் தேடுவது, துல்லியமாகத் துளை போடவும், ரிவெட்டு அடிக்கவும், வரைபடம் படிக்கவும், அளவெடுத்துச் சரிபார்க்கவும் தெரிந்த ஆட்களை. இதற்கு மலேசியத் திறன் சான்றிதழ் என்னும் எஸ்.கே.எம். வழி இருக்கிறது. மனிதவள அமைச்சின் கீழ் உள்ள தொழிற்பயிற்சிக் கழகங்களும், ஷா ஆலமில் அட்டெக் என்ற உயர்தொழில்நுட்பப் பயிற்சி மையமும் இருக்கின்றன. விமானத் தொழில்நுட்பத்துக்கென்றே டெங்கிலில் மியாட் என்ற கல்லூரி இருக்கிறது. எந்தப் படிப்புக்கு என்ன தேர்ச்சி வேண்டும், செலவு எவ்வளவு, உதவித்தொகை உண்டா என்பதை நேரில் போயோ, பள்ளிக்கூடத்தில் ஆசிரியரைக் கேட்டோ தெரிந்துகொள்ளுங்கள். புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ ரவாங்கிலோ இருக்கும் ஒரு பிள்ளைக்கு சுபாங் எட்டாத தூரம் அன்று.

அந்தப் பிள்ளைக்கு நீங்கள் இப்போதே கற்றுக்கொடுக்கக் கூடியவையும் உண்டு. சைக்கிளைக் கழற்றினால், ஆணிகளை ஒரு தட்டில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். பூட்டி முடித்ததும் தட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். செய்ததை ஒரு நோட்டில், மலாயிலோ ஆங்கிலத்திலோ, இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாததால் பின்வாங்கும் நல்ல வேலைக்காரர்கள் எத்தனையோ பேர்.

இப்போது நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த வேளையிலும், அமெரிக்காவின் மலையோரத்தில் எங்கோ ஒரு ரயில், பச்சை உடல்களைச் சுமந்துகொண்டு ரென்டனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம். அந்த உடல்களுக்குள் பல நாட்டுத் தொழிலாளர்களின் கைவேலை சேர்ந்திருக்கிறது. அடுத்த முறை நீங்கள் விமானத்தில் ஏறினால், சன்னலோரச் சுவரை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். அதைப் பிள்ளைகளுக்கும் காட்டி, இந்தக் கதையைச் சொல்லுங்கள்.